ஈனிட் அடிக்காத மணி

அந்த மாடி பஸ்ஸைக் கொளுத்திவிட்டால் என்ன என்று ஈனிட் ஹெப்வொர்த் நினைக்காத வருடம் இல்லை. ஆக்ஸன்ஷா ஊரில் மற்ற எல்லாருக்கும் அது செல்லப்பிள்ளை. பழைய பஸ் சங்கத்து ஆண்கள் ஞாயிறு தவறாமல் அதன் அடியில் படுத்துக் கிடந்துவிட்டு, எண்ணெய் வழியும் முகத்தோடு வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள்.

ஈனிட் அதில் கண்டக்டராக இருந்தவள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஒரு சனிக்கிழமை, சேப்பல் தேவாலய நிறுத்தத்தில் திருமதி கார்சைட் இறங்கிக்கொண்டிருக்கும்போதே மணி இரண்டு தடவை அடித்தது. அப்படி அடித்தால் கிளம்பலாம் என்று அர்த்தம். முன்னால் தனிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் டிரைவருக்குப் பின்னால் நடப்பது எங்கே தெரியும்? வண்டியை எடுத்துவிட்டார். கிழவி விழுந்து இடுப்பு ஒடிந்து, அந்தக் குளிர்காலத்தைத் தாண்டவில்லை.

"நான் மேல டிக்கெட் போட்டுட்டிருந்தேன். மணிக்கயிறு கீழதானே இருக்கு!" என்று ஈனிட் தலைபாடாக அடித்துக்கொண்டாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலே இருந்த ஒரே பயணி குடித்துவிட்டுத் தூங்கியவன். வேலை போயிற்று. நூல் ஆலையில் சேர்ந்தாள். அங்கேயும் முதுகுக்குப் பின்னால் வாயாலேயே மணி அடித்தார்கள். கட்டிய புருஷன் ஹெரால்டுகூட, சண்டை முற்றினால், "கிழவியக் கொன்னவதானே நீ" என்பான். அவனைப் புதைத்தபோது அவள் அழவில்லை.

இந்த வருடம் சங்கம் சந்தைச் சதுக்கத்தில் பஸ்ஸுக்குப் பிறந்தநாள் கொண்டாடியது. பக்கத்தில் ஒரு பலகை. 'கண்டக்டரின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று போட்டு, கூடவே ஈனிட்டின் இளவயதுப் படம். கேள்விப்பட்டவள் கைத்தடியை எடுத்துக்கொண்டு நேரே வந்தாள்.

சங்கத் தலைவன் கிளிஃப் ஓல்டிராய்ட், டிரைவர் தொப்பியும் கையில் மைக்குமாகத் திரிந்தான். வாழ்நாள் முழுக்க வங்கியில் உட்கார்ந்து தேய்த்தவனுக்கு அந்தத் தொப்பி ஒரு கேடு.

"அதைக் கழட்டு, கிளிஃப்."

"எப்படிக்கா? அது வரலாறாச்சே. வாங்க, டீ குடிங்க. கேக் இருக்கு."

"உன் கேக்கை நீயே தின்னு. இந்த பஸ்ஸைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்? ஒரு நாளாவது மழையில, குளிர்ல, இதுல நின்னு வேலை பாத்திருக்கியா? பெயிண்ட் அடிக்கிற பயல்!"

சுற்றி நின்ற சங்கத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். பெற்ற தாயைப் பழித்தால்கூட கிளிஃப் பொறுத்துக்கொள்வான், இதைப் பொறுப்பானா?

"எனக்கா தெரியாது? ஒன்பது வயசுலயே இதுல குடியிருந்தவன் நான்! படிக்குப் பக்கத்து நீள சீட்டு என் சீட்டு. நீங்க மேல ஏறினதும் கயித்தை நான்தான் இழுப்பேன். டிரைவருக்கு வித்தியாசமே தெரியாது. கேட்டுக்கங்கப்பா, பஸ்ஸு ஜனத்தை ஏத்திக்கிட்டு ஓடின காலத்துல மணி அடிச்சவன் இந்தக் கூட்டத்துல நான் ஒருத்தன்தான்!"

"சனிக்கிழமையும் அடிச்சியா?" என்று ஈனிட் கேட்டாள்.

"சனிக்கிழமைதான் விசேஷமே! சேப்பல் கிட்ட நீங்க மேல..."

வாய் அப்படியே நின்றுவிட்டது. அன்றுவரை தெரியாமல் இருந்தவன் முகம் அப்படி வெளுக்காது.

"அப்ப நான் மேலதான் இருந்தேன்" என்றாள் ஈனிட்.

"சின்னப் பையன்க்கா நான். ஒன்பது வயசு."

"நான் பத்தொன்பதுடா. உனக்கு அப்புறம் இருபதாச்சு, நாப்பதாச்சு, எழுபதாச்சு. அப்பல்லாம் உன் வாய் எங்க போச்சு?"

கிளிஃப், கிளம்பட்டும் என்று, குழந்தைகளை ஏற்றிக்கொண்டு காத்திருந்த டிரைவருக்குக் கையைக் காட்டிவிட்டு பஸ் பக்கம் நழுவினான். எஞ்சின் உறுமியது. உள்ளே குழந்தைகள் கைதட்டின. ஈனிட் விறுவிறுவென்று போய் பஸ்ஸுக்கு முன்னால், வழியை மறித்து நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தான். யாரோ விசில் அடித்தார்கள். "ஏம்மா, பஸ் கிளம்பணும், நகருங்க!" என்று ஒரு பெண் கத்தினாள்.

"என் மேல ஏத்திட்டுப் போகச் சொல்லு. இல்ல, மைக்கு அவன் கையிலதானே இருக்கு, அதுல சொல்லச் சொல்லு" என்றாள் ஈனிட்.

சதுக்கமே கிளிஃபைப் பார்த்தது. அவன் தொப்பியைக் கழற்றினான். மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"அன்னிக்கு... மணி அடிச்சது... நான்தான்."

ஈனிட் அசையவில்லை.

"எஞ்சினை நிறுத்துடா," என்றாள் டிரைவரிடம். பிறகு கிளிஃப் பக்கம் திரும்பி, "உன் பேரையும் சேத்து மறுபடி சொல்லு."