மைனாவுக்கு ஜோடி தேடிப் பிள்ளைப்பாக்கம் போய்த் திரும்பியது

போன ஞாயிற்றுக்கிழமை என் குதிரை மைனாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு மணிமங்கலத்திலிருந்து பிள்ளைப்பாக்கம் வரை போய் வந்தேன். இணை சேர்க்கத்தான் போனது. சேர்க்காமலே திரும்பினேன். மூன்று நாளாகியும் ஆத்திரம் அடங்கவில்லை. வீட்டில் ஒரு பெட்டைக் குதிரை நிற்கிறது, ஒரு குட்டி எடுத்தால் என்ன என்று நினைக்கிறவர்கள் தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. மைனாவுக்கு ஒன்பது வயது, செந்நிறம். சின்னப் பிள்ளை கிட்டே போனாலும் தலையைத் தாழ்த்தி நிற்பாள். அந்தக் குணத்தில் ஒரு குட்டி வேண்டும், கண்டபடி பெருக்காமல் பொறுப்பாகக் குதிரை வளர்க்கிறவன் என்று பேரெடுக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக எல்லோரிடமும் அளந்துகொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பருவம் வந்தது. ஐந்தாறு நாள்தான் நிற்கும். விட்டால் இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும்.

பொலிகுதிரையை நான் தேர்ந்தெடுத்த லட்சணத்தைக் கேளுங்கள். வாட்ஸப்பில் நான்கு படம் வந்தது. வெள்ளைக் குதிரை, கழுத்து ரோமத்தில் தேவமணிச் சுழி. நம் பக்கத்தில் குதிரை என்றாலே முதலில் சுழிதான் பார்ப்பார்கள். நல்ல சுழி இருந்தால் நொண்டிக்குக்கூட விலை ஏறும். நானும் சுழியைப் பார்த்துச் சரி என்றேன். வேலையில் ஒரு போல்ட்டைக்கூட அளக்காமல் விடாதவன், வாயைத் திறந்து ஒரு படம் அனுப்புங்கள் என்று கேட்கவில்லை. புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ!

மினி லாரி வாடகை போகவர 3,200 ரூபாய், காத்திருப்பும் சேர்த்து. ஓட்டுநர் முத்துராஜ் தென்காசிப் பக்கத்துப் பையன். கம்பெனி வேலைக்கு வந்து, அது பிடிக்காமல் வண்டி ஓட்டுகிறான். தரையில் ஆறு மூட்டை மணலைக் கொட்டிப் பரப்பினோம், பக்கவாட்டில் பழைய மெத்தைகளைக் கட்டினோம். காலை 6.20க்குக் கிளம்பினோம். அதுதான் முதல் தப்பு. படப்பை தாண்டியதும் ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து காதுக்குள் ஹாரன் அடித்தன. மைனா உதறி உதறி வியர்த்துவிட்டாள்.

“அண்ணாச்சி, பஸ்ஸெல்லாம் போவட்டும். புள்ள மெரளுதுல்லா,” என்று முத்துராஜ் ஓரம் கட்டினான். அங்கே இருபது நிமிடம் போனது. நின்ற இடத்தில் செல்பி எடுக்க வந்த நாலு பேரை நான் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. ஒரகடம், வல்லம் வடகால் வழியாகப் பிள்ளைப்பாக்கம் போய்ச் சேரும்போது மணி 8.05. மீட்டரில் 28 கிலோமீட்டர்.

லாயத்துக்காரர் ஜெயசீலன். நிலம் கைமாறிய பிறகு, வந்த காசில் குதிரை வாங்கிக் கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிறவர். அவருடைய ராஜா நேரில் படத்தைவிட அழகு. பொய் சொல்லக்கூடாது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. மைனாவும் அவனைப் பார்த்துக் கனைத்தாள். “கட்டு சார் சீக்கிரம், அதுவே கேக்குது பாரு,” என்றார் ஜெயசீலன்.

பழக்கதோஷம், ராஜாவின் மேலுதட்டைத் தூக்கிப் பார்த்தேன். மேல்பல் வரிசை கீழ்ப்பல்லைத் தாண்டி ஒரு விரற்கடை வெளியே நின்றது. கிளிவாய். குட்டிக்கும் இறங்கக்கூடிய குறை இது. பல்லோடு பல் சேராவிட்டால் குதிரையால் புல்லைக் கடித்து இழுக்க முடியாது.

“இன்னா சார், குதிரைய வுட்டுட்டு பல்ல பாத்துகினு கீற? அது இன்னா, பல்பொடி வெளம்பரத்துக்கா போவுது?”

“இவனோட குட்டி ஏதாவது இங்க இருக்கா?” என்று கேட்டேன்.

லாயத்துக்குப் பின்னால் ஒன்று நின்றது. ஒரு வயதிருக்கும். விலாவை எண்ணிவிடலாம். காலடியில் பச்சைப் புல் இருந்தது. குட்டி அதை உதட்டால் தடவித் தடவி விட்டது. வாயைத் திறந்தேன். அப்பனுக்கு ஒரு விரல், இதற்கு இரண்டு விரல். “அதுக்கு தீனி ஒட்டல சார், அவ்ளோதான்,” என்றார். தீனி ஒட்டவில்லையாம்! கடிக்கவே முடியாதது எப்படிச் சாப்பிடும்?

“இவனோட மத்த குட்டிங்க எங்க?”

“பத்து பன்னெண்டு இருக்கும். வித்தாச்சி. எவன் வூட்ல கீதோ, யாருக்குத் தெரியும்?”

எனக்குத் தலைக்கேறிவிட்டது. “பொறந்த குட்டி உயிரோட இருக்கான்னுகூடத் தெரியாது. நீங்கல்லாம் குதிரை வளக்குறவங்களா? வெக்கமா இல்ல?” என்று கத்தினேன். முத்துராஜ் என் கையைப் பிடித்து இழுத்தான்.

ஜெயசீலன் கோபப்படவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “கரெக்ட்டு சார். உன் மைனா ஏற்கெனவே ஒரு குட்டி போட்டுச்சின்னு போன்ல சொன்னியே. அது இப்போ எங்க கீது?”

மைனாவின் கயிற்றைப் பிடித்து வண்டிப் பக்கம் திருப்பினேன்.

அந்தக் குட்டி நான்கு வருடம் முன்பு பிறந்தவள். காலி மனையில் மேய விட்டபோது எவனுடைய குதிரையோ மைனாவோடு சேர்ந்து உண்டான குட்டி. ஏழாவது மாதம் ஒரு தரகரிடம் கொடுத்தேன். “நல்ல இடம் சார்,” என்றார். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. கம்பெனியில் ஒரு போல்ட் உடைந்து திரும்பி வந்தால் எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் கை என்று பத்து நிமிடத்தில் சொல்வேன். என் கொட்டகையில் பிறந்த உயிரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இந்த முறையும் பிறக்கப்போகிற குட்டியை ஒரு ரிசார்ட்காரருக்குத் தருவதாக முன்கூட்டியே வாக்குக் கொடுத்திருந்தேன். இதில் என்ன பெரிய பொறுப்பு, மண்ணாங்கட்டி!

மைனா வண்டியில் ஏற மறுத்தாள். ராஜாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கனைத்தாள். அரை மணி நேரம் போராடினோம். “அவளுக்கு மனசில்ல அண்ணாச்சி,” என்றான் முத்துராஜ். தெரியும் என்றேன். ஏற்றிவிட்டு, வழியிலேயே தரகருக்கு போன் போட்டேன். அந்த எண் இப்போது உபயோகத்தில் இல்லையாம்.

போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்கிறேன். இந்தச் சாலையில் காலை எட்டரைக்கு முன்னால் குதிரையை ஏற்றாதீர்கள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரையும் வேண்டாம். பொலிகுதிரைக்குச் சுழி பார்க்கும் முன் வாயையும் குளம்பையும் கால்நடை டாக்டரை வைத்துப் பாருங்கள். அதன் குட்டிகளில் இரண்டையாவது நேரில் போய்ப் பாருங்கள். காட்டமாட்டேன் என்றால் கிளம்பி வந்துவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பிறக்கிற குட்டி விலைபோகாவிட்டால் கடைசிவரை நீங்களே தீனி போடுவீர்களா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். இல்லை என்று பதில் வந்தால் வண்டியே பிடிக்காதீர்கள்.

இப்போது எனக்கு ஒரு உதவி. செந்நிறப் பெட்டை, நான்கு வயது, இடது பின்காலில் முழங்கால்வரை வெள்ளை, நெற்றியில் ஒன்றும் கிடையாது. சென்னை, காஞ்சிபுரம் பக்கம் எங்காவது பார்த்திருந்தால் கீழே எழுதுங்கள். திருப்பிக் கேட்டு வந்து நிற்க மாட்டேன். சாப்பிடுகிறாளா என்று மட்டும் சொல்லுங்கள்.