வயர் சொருக இடமில்லாத கார்டு

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்யும் எங்கள் மாமா அந்தக் கார்டை ஒரு மஞ்சப் பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். ஊர் உலகத்தில் எந்த கிராபிக்ஸ் கார்டை எடுத்தாலும் பின்பக்கம் மானிட்டர் வயரைச் சொருக ஓர் இடம் இருக்கும். இதில் இல்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்த இடத்தை வெறும் தகடு போட்டு மூடியிருந்தார்கள்.

“என்ன மாமா, இதுக்கு வாயே இல்ல?” என்றேன்.

“இருந்தா என்ன ஆத்தா, இங்கன இருக்கிற வாய் போதாதா?” என்று சிரித்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிவிட்டார்.

அதற்குச் சில வருடங்களுக்கு முன்பு, கம்ப்யூட்டரிலேயே காசு தோண்டி எடுக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, மாமா தன் குடோனின் ஒரு மூலையில் இந்த மாதிரிக் கார்டுகளை வரிசையாக மாட்டி ஓட்டினார். ராப்பகலாகக் கணக்குப் போடுவது ஒன்றுதான் அவற்றின் வேலை என்பதால் படம் காட்டும் வழியை வைக்காமலே செய்திருந்தார்கள். கடைசியில் அவர் தோண்டி எடுத்தது கரண்ட் பில்தான். அத்தை கத்திய கத்தில் எல்லாம் பரணுக்குப் போய்விட்டது.

எங்களுக்கும் வேண்டியிருந்தது கணக்குப் போடும் கார்டுதான். என் தங்கச்சி அனிமேஷன் படித்தவள். என்னைவிட இரண்டு வயது இளையவள். ஊரடங்கில் ஊர் முடங்கிக் கிடந்த நேரம் அது. எங்கெங்கோ எழுதிப் போட்டு அலுத்துப்போன பிறகு, சென்னையிலிருந்து ஒரு கம்பெனி பதில் போட்டது. முப்பது நொடிக்கு ஒரு காட்சி செய்து அனுப்பு, பதினைந்து நாள் கெடு, பிடித்திருந்தால் வேலை என்றார்கள். காட்சியை அவள் மூன்றே நாளில் செய்துவிட்டாள். மேகமலைத் தேயிலைத் தோட்டத்தில் கூலிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு லைன் வீடு, வாசலில் துணி காயப்போடும் ஒருத்தி, அவளைச் சுற்றி மெல்ல நகரும் மூடுபனி. சின்ன வயதில் சின்னமனூரிலிருந்து அந்த ரோட்டில் ஒரே ஒரு முறை போயிருக்கிறோம். ஒவ்வொரு வளைவிலும் ஜீப்பை நிறுத்தச் சொல்லி வாந்தி எடுத்தவள், அந்தப் பனியை எப்போது பார்த்தாள் என்றே தெரியவில்லை.

செய்தது வேறு, அதைப் படம் படமாக வரைந்து முடிப்பது வேறு. அதற்கு ரெண்டர் என்று பெயர். அதைக் கம்ப்யூட்டர்தான் கணக்குப் போட்டுச் செய்ய வேண்டும். முப்பது நொடிக்கு எழுநூற்றுச் சொச்சம் படம். எங்கள் கம்ப்யூட்டர் ஒரு படத்துக்கு முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. அப்படியே விட்டால் கெடு முடிந்து பத்து நாள் கழித்துத்தான் முடியும். நல்ல கார்டு ஒன்று இருந்தால் போதும். ஆனால் அந்த வருடம் புதுக் கார்டுகள் கடையிலேயே இல்லை. இருந்த ஒன்றிரண்டும் எங்களை மாதிரி ஆட்கள் விலை கேட்கக்கூடக் கூசும்படி இருந்தன.

அந்தக் கம்ப்யூட்டர் நான் சேர்த்துக் கட்டியது. பழனிசெட்டிபட்டியில் ஒரு பிளக்ஸ் பேனர் கடையில் டிசைன் வேலை பார்த்தேன். கடையில் கழித்துப் போட்டதையெல்லாம் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்து பூட்டினேன். மாமா தந்த கார்டு அதன் பெட்டிக்குள் அடங்கவில்லை. ஒரு சாண் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. கம்பத்தில் திராட்சை அடுக்குகிற பிளாஸ்டிக் ட்ரே ஒன்று மாடியில் கிடந்தது. எல்லாவற்றையும் கழற்றி அதற்குள் மாட்டினேன். சுற்றிலும் ஓட்டை. ஆனி மாதத்து மேல்காற்று ஜன்னல் வழியாக வந்து கார்டின் மேலேயே அடித்தது. காசு கொடுத்தாலும் அப்படி ஒரு ஃபேன் கிடைக்காது. என்ன, காற்றோடு தெருப்புழுதியும் வரும். காலையில் நான் பெயின்ட் பிரஷ்ஷால் துடைப்பேன், சாயங்காலம் அவள்.

மானிட்டர் வயரை மதர்போர்டிலேயே சொருகிப் படம் வரவைத்துவிட்டோம். ஆனால் கார்டை வேலை வாங்கும் டிரைவர் என்கிற மென்பொருள்தான் உள்ளேயே விடவில்லை. இந்த மாதிரி ஒரு கார்டு எங்கள் பட்டியலிலேயே கிடையாது என்று ஒவ்வொரு முறையும் ஒரே வாக்கியத்தைச் சொன்னது. அந்தப் பட்டியலைத் திறந்து, நம் கார்டின் எண்ணை நாமே எழுதிச் சேர்க்கலாம் என்று இணையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். தங்கச்சி எண்ணை வாசிப்பாள், நான் அடிப்பேன். அது மறுக்கும். இன்னொரு டிரைவரை இறக்குவோம். அதுவும் மறுக்கும். “நீ தப்பா வாசிச்ச”, “நீ தப்பா அடிச்ச” என்று ஒரு சண்டை நடக்கும். பிறகு சமாதானமாகி முறுக்குத் தின்போம். மில்லில் ஷிப்ட் முடிந்து மாடிக்கு வந்த அப்பா எங்களைப் பார்த்துவிட்டுக் கீழே அம்மாவிடம் போய்ச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

“அந்த ட்ரேயச் சுத்தி ரெண்டும் பேன் பாக்குற மாதிரி உக்காந்திருக்காளுக. கூப்புட்டாக் காது கேக்கல.”

அந்த நாட்களைப்போல என் வாழ்க்கையில் வேறு நாட்கள் வரவில்லை. அவள் மதுரை ஹாஸ்டலில் இருந்த மூன்று வருடமும் நான் அந்த மாடியறையில் எப்படி இருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்குச் சிநேகிதிகள் அமைவதில்லை. வாய் அப்படி. என் வாயைத் தாங்கிக்கொண்டு எதிர்வாய் பேசக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

கார்டு வந்த ஐந்தாம் நாள் வியாழக்கிழமை. அவளும் அம்மாவும் வைகை அணைப் பக்கம் ஒரு துக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். நான் சும்மா இருக்க மாட்டாமல், யாரும் சீந்தாத மிகப் பழைய டிரைவர் ஒன்றை இறக்கி, அதன் பட்டியலில் எண்ணைச் சேர்த்துப் பார்த்தேன். மறுக்கவில்லை. கார்டின் விசிறி சர்ரென்று வேகம் பிடித்தது. ஒரு படத்தை ஓடவிட்டேன். முக்கால் மணி நேரம் எடுத்த படம் ஐந்தே நிமிடத்தில் வந்து நின்றது. துணியும் பனியும் அப்படியே இருந்தன.

“ஏடி!” என்று கத்திக்கொண்டு படிக்கட்டு வரை ஓடினேன். கீழே யாரும் இல்லை.

திரும்பி வந்து அறையைப் பார்த்தேன். அவளுடைய தலையணை, அவள் பாதி தின்று வைத்த முறுக்கு, கொடியில் அவள் துப்பட்டா. இந்த வேலை கிடைத்தால் அவள் போய்விடுவாள். இனி லீவுக்கு வரும் விருந்தாளிதான். அது எனக்கு முன்பே தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நிமிடம்தான் அவள் இல்லாத அறை கண்ணில் பட்டது. உட்கார்ந்து, டிரைவரைக் கழற்றினேன். இறக்கிய ஃபைலையும் வேறொரு பெயர் வைத்து ஒளித்தேன். சாயங்காலம் வந்தவள் கால் கழுவாமலே மாடியேறி, “வந்துச்சாக்கா?” என்றாள்.

“இல்லடி, வரல” என்றேன். இவ்வளவு சின்னப் பொய்க்கு என் குரல் ஆடக்கூட இல்லை.

வெள்ளி, சனி இரண்டு நாளும் தெரிந்தே தப்பான டிரைவர்களை இறக்கிக் கொடுத்தேன். அவள் எண்ணை வாசித்தாள், நான் அடித்தேன். சண்டை மட்டும் வரவில்லை. சண்டை போட அவளிடம் தெம்பில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து மனுஷியாக நடித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் காட்சியைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ அழித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன்.

“பனிய எடுக்கேன்க்கா. அதுதான் ரொம்பக் கணக்குக் கேக்குது. பனி இல்லேன்னா பழைய மெஷின்லயே பாதியாவது முடிஞ்சிரும். பாதிய அனுப்புனாப் பாக்க மாட்டாகளா?”

திரையில் பனி அடுக்கு அடுக்காகப் போய்க்கொண்டிருந்தது. துணி காயப்போடும் பெண் மொட்டை வெளியில் தனியாக நின்றாள். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. “தள்ளுடி” என்று அவளை எழுப்பிவிட்டு உட்கார்ந்தேன். ஒளித்த ஃபைலை எடுத்து, எண்ணைச் சேர்த்து, கார்டை எழுப்ப ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள். “எப்புடிக்கா வந்துச்சு?” என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். “ஏதோ வந்துச்சு, போ” என்றேன். அழித்த பனியையெல்லாம் திரும்பக் கொண்டுவந்தாள். மூன்று நாள் அந்த ட்ரே அனலாய்க் கொதித்தது. கெடுவுக்கு முதல் நாள் அனுப்பினோம். பத்து நாளில் வேலைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது.

அவளை அனுப்பத் தேனி பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும் போனேன். மதுரை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். டிரைவர் ஏறி ஹாரன் அடித்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது.

“நான் ஒன்னய ஏமாத்திட்டேன்டி. அந்தக் கார்டு வியாழக்கெழமையே ஓடிருச்சு. நீ போயிருவியேன்னு மறைச்சிட்டேன். மூணு நாளு.”

அவள் என்னையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஏதாவது சொல்வதற்குள் பஸ் நகர்ந்துவிட்டது. இனி இவள் என்னோடு பேச மாட்டாள் என்று நினைத்தேன். வீட்டுக்குப் போக மனம் வராமல் ஸ்டாண்டிலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பஸ் ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியிருக்கும், அப்போது போனில் ஒரு செய்தி வந்தது.

“மூணே நாளுதானாக்கா? நானா இருந்தா கெடு முடியிற வரைக்கும் வாயத் தெறந்திருக்க மாட்டேன்.”