பாருக்கு வெளியே நின்ற எங்கள் பெண்கள் அணி

பழைய பெரிய பெர்ரிக் கப்பலை நிறுத்திவிட்டு, எங்கள் தீவிலிருந்து பட்டர்வொர்த்துக்கு ஆட்களை வேகப்படகில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்களே, புது பெர்ரி இன்னும் வந்து சேராத காலம், அப்போதுதான் இது நடந்தது. வருஷம் கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. பாகான் டாலாமில் இருக்கும் தங்கையைப் பார்க்க என் மனைவி அந்தப் படகில் போனாள். திரும்பி வந்தவள் தலை சுற்றுகிறது என்று படுத்துவிட்டாள். படகு ஓட்டுகிறவனை ஒரு வாரம் திட்டினாள். அந்த வாரம்தான் கூட்டம் நடந்தது. அதனால் எனக்கு மறக்கவில்லை.

கூட்டம் என்றால் பந்துக் கிளப்பின் கூட்டம். நம் ஆட்கள் உதைக்கிற உருண்டைப் பந்து இல்லை, ஆஸ்திரேலியாக்காரன் பந்து. சின்னப் பப்பாளி மாதிரி இரண்டு பக்கமும் ஒடுங்கி இருக்கும். கீழே விழுந்தால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. காலால் உதைக்கலாம், கையால் எறியக் கூடாது. ஒரு கையில் வைத்து மறு கையால் குத்தி அனுப்ப வேண்டும். திடலின் இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம் நட்டிருப்பார்கள். நடுக் கம்பங்களுக்கு இடையில் போனால் ஆறு பாயிண்ட், ஓரத்தில் போனால் ஒன்று.

நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. இதெல்லாம் ரொட்டி விற்றுக் கற்றுக்கொண்டது. பட்டர்வொர்த் விமானப்படை முகாமில் ஆஸ்திரேலியாக்காரர்கள் இருந்த காலத்தில், அவர்கள் குடும்பங்கள் தஞ்சோங் பூங்கா பக்கம் வரிசையாக வீடு எடுத்திருந்தன. நான் சைக்கிளில் பெட்டி கட்டிக்கொண்டு அந்த வீடுகளுக்கு ரொட்டி போடுவேன். அப்போது எனக்கு மீசை கூட முளைக்கவில்லை. ஒருநாள் பந்து ஒன்று என் பெட்டிக்குள் வந்து விழுந்து, அன்றைய பன் எல்லாம் நசுங்கிப் போனது. பந்தும் நசுங்கிவிட்டது என்று நினைத்து, என்னை அடிப்பார்களோ என்று பயந்தேன். அந்த வீட்டு அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு ரொட்டி வாங்க வாசலுக்கு வரும்போதெல்லாம் ஒரு சட்டம் சொல்லிக் கொடுப்பாள். பாதி அவள் மலாயில், பாதி கையில். தன் ஊரில் அம்மாக்கள் எல்லாம் ஓரத்தில் நின்று கத்துவார்கள், ஆனால் அவர்களைத் திடலில் இறங்க விட மாட்டார்கள் என்று சொன்னாள். பிறகு அவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். பந்தும் போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

பேரப் பிள்ளைகள் எடுத்த பிறகு மறுபடியும் அந்தப் பந்தைப் பார்த்தேன். ஜெலுத்தோங் பக்கம் ஒரு திடல். மோட்டாரில் ரொட்டிப் பெட்டியோடு அந்த வழியாகப் போகிறேன், பெண்கள் ஓடுகிறார்கள். கையில்லாத பந்துச் சட்டை, அதற்குள்ளே மணிக்கட்டு வரை மூடிய கறுப்புச் சட்டை, பலர் தலையில் துடோங் முக்காடு. பாதிப் பேர் மலாய்ப் பெண்கள், நம் பெண்கள், சீனப் பெண்கள், ஆஸ்திரேலியாக்காரிகள் இரண்டு மூன்று பேர். ஒருத்தி பந்தை எறியப் பார்த்தாள். நான் மோட்டாரில் உட்கார்ந்தபடியே கத்தினேன்: "ஏய் புள்ள, எறியாதே! குத்து, குத்து!"

அவள் ஓடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "மாமா, நீங்க யாரு? ரொட்டிக்காரரா, ரெஃப்ரீயா?" என்றாள்.

அவள்தான் கேப்டன். நம் தமிழ் முஸ்லிம் வீட்டுப் பெண். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் ஷிப்டு வேலை. அன்றிலிருந்து சனிக்கிழமை சாயங்காலம் என் மோட்டார் அந்தத் திடலில்தான் நிற்கும்.

வீட்டில் பேச்சு வாங்கினேன். "பொம்பளைப் புள்ளைங்க ஓடுறதப் பாக்க இந்த வயசுல போறாரு ஹாஜியாரு. நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்பாள் என் மனைவி. ஒருநாள் இழுத்துக்கொண்டு போனேன். வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். ஒரு சீனப் பெண், தென்னை மரம் மாதிரி உயரம், மூன்று பேரைத் தள்ளிவிட்டு ஆறு எடுத்தாள். என் மனைவி எழுந்து நின்றுவிட்டாள். வீட்டுக்கு வந்து கேட்டாள்: "அடுத்த வாரம் அந்த நெட்டச்சி வருவாளா?"

பிறகு ஊரைப் பூட்டினார்கள். நோய்க் காலம். அதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கிளப் நடத்திய ஆண்கள் பெரும்பாலும் வெளிநாட்டுக்காரர்கள். பாதிப் பேர் ஊருக்குப் போனவர்கள் திரும்ப முடியவில்லை, மீதிப் பேருக்கு வேலை போனது. திடலை மறுபடியும் திறந்தபோது புல் முழங்கால் உயரம். கம்பங்களை யாரோ தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். கிளப் முடிந்தது என்றுதான் எல்லாரும் சொன்னார்கள்.

பெண்கள் எங்கே போவார்கள்? அவர்கள் ஊர் இதுதான். அவர்கள்தான் வந்து புல் வெட்டினார்கள். சுங்கை பாக்காப்பில் ஒருத்தியின் அப்பா மூங்கில் வெட்டிக் கொடுத்தார். அதை லாரியில் போட்டுப் பாலம் வழியாகக் கொண்டு வந்து, சுண்ணாம்பு அடித்து, நாலும் நாலும் எட்டுக் கம்பம் நட்டார்கள். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். எதிர்த்து ஆட ஆள் இல்லாத வாரங்களில் தங்களுக்குள்ளேயே இரண்டாகப் பிரிந்து ஆடினார்கள். கோலாலம்பூர் பெண்கள் வந்தபோது அவர்களைத் தோற்கடித்து அனுப்பினார்கள். கிளப்பின் பெயர் அந்த நாட்களில் உயிரோடு இருந்தது என்றால், அது இவர்கள் முதுகில் போட்டிருந்த சட்டையில்தான் இருந்தது.

எல்லையைத் திறந்ததும் ஆண்கள் திரும்பி வந்தார்கள். தலைவரும் வந்தார். நல்ல மனிதர் மாதிரிதான் இருப்பார். என்னை "அங்கிள்" என்பார், ரொட்டி வாங்குவார், பெண்கள் எல்லாரிடமும் கை கொடுத்து, "யூ கேர்ள்ஸ் சேவ்ட் த கிளப்" என்றார். நீங்கள்தான் கிளப்பைக் காப்பாற்றினீர்கள் என்கிறார் என்று கேப்டன் எனக்கு அர்த்தம் சொன்னாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

திடல் எங்களுக்கு வாரத்தில் ஒரு சாயங்காலம்தான் கிடைக்கும். முதலில் பாதி நேரம் ஆண்களுக்கு, பாதி பெண்களுக்கு. கொஞ்ச நாளில் பெண்களுக்குக் கால்வாசி. பிறகு, ஆண்கள் முடித்த பிறகு இருட்டும் வரைக்கும் ஆடிக்கொள்ளுங்கள் என்றார்கள். கடைசியில் ஒரு தீர்மானம் வந்தது. கிளப்பின் எதிர்காலம் கருதி, ஆண்கள் அணி வலுவாகும் வரை பெண்கள் அணியை நிறுத்தி வைப்பது. வருஷக் கூட்டத்தில் ஓட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். கேப்டன் கணக்குப் போட்டுப் பார்த்தாள். உறுப்பினர்களில் பெண்கள்தான் அதிகம்.

"நாங்கதான் ஜெயிப்போம் மாமா," என்றாள். "கையத் தூக்குற வேலைதானே."

கூட்டம் எங்கே தெரியுமா? பாரில். டவுனில் ஒரு பழைய கடைவீட்டைக் கண்ணாடி போட்டுப் பாராக மாற்றியிருந்தார்கள். கிளப்புக்கு ஸ்பான்சர் அந்த பார்தான். வருஷக் கூட்டம் எப்போதும் அங்கேதான் நடக்கும். முன்பெல்லாம் பெண்கள் அதற்குப் போனதில்லை, தேவையும் இருக்கவில்லை.

கேப்டன் தலைவரிடம் போய்க் கேட்டாள். நான் பெட்டியை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அவர்கள் இங்கிலீஷும் மலாயும் கலந்துதான் பேசினார்கள், நான் நம் பாஷையில் சொல்கிறேன்.

"எங்க சாச்சா கடை மாடி சும்மாதான் கிடக்கு. அங்க வெச்சுக்கலாம். டீ, ரொட்டி எல்லாம் நாங்க தர்றோம்."

"டீ குடிச்சிக்கிட்டு மீட்டிங்கா?" என்று பக்கத்தில் இருந்தவன் சிரித்தான்.

தலைவர் சிரிக்கவில்லை. "ஸ்பான்சர் கோவிச்சுக்குவாரு லா. எப்பவும் அங்கதானே நடக்குது. நீங்க பீர் குடிக்க வேணாம், கோக் குடிங்க. யாரு கேக்கப் போறா?"

யார் கேட்கப் போகிறார்களாம். துடோங் போட்ட பெண் பாருக்குள் கால் வைத்தால், அவள் வெளியே வருவதற்குள் போட்டோ அவள் அம்மா போனுக்குப் போய்விடும். தலைவருக்கு இங்கே பெண்டாட்டி பிள்ளை எல்லாம் இருக்கிறார்கள். இந்த ஊர் வழக்கம் தெரியாது என்று சொல்ல முடியாது.

கூட்டத்தன்று அசர் தொழுதுவிட்டு நானும் போனேன். எனக்கு ஓட்டு இல்லை, சும்மா போனேன். பெண்கள் எல்லாரும் கிளப் சட்டையோடு வந்து, பாருக்கு முன்னால் நடைபாதையில் நின்றார்கள். ஷிப்டை மாற்றிக்கொண்டு வந்தவள் இருந்தாள். புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பாலத்து டிராபிக் ஜாம் தாண்டி வந்தவள், கைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள், எல்லாரும் இருந்தார்கள். உள்ளே போகக்கூடிய நாலைந்து பேர் போனார்கள். நெட்டைச் சீனப் பெண் போனாள், நம் கத்தோலிக்கப் பெண் ஒருத்தி போனாள். நெட்டைப் பெண் ஒரு தடவை தலையை வெளியே நீட்டி மலாயில் சொன்னாள்: "உள்ள ஏர்கோன் நல்லா இருக்கு மாமா. வாங்க, உங்களுக்கு ஆரஞ்சு ஜூஸ் நான் வாங்கித் தர்றேன்." எல்லாரும் சிரித்தார்கள். அதுவரைக்கும் சிரிக்க முடிந்தது.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. கேப்டனிடம் சொன்னேன்: "புள்ள, ஒரு நிமிஷம் உள்ள போயி கையத் தூக்கிட்டு வந்துரு. அல்லாவுக்குத் தெரியும் நீ எதுக்குப் போனேன்னு."

"அல்லாவுக்குத் தெரியும் மாமா. எதிர்த்த கடைக்காரனுக்குத் தெரியுமா? அடுத்த வாரம் எங்க வீட்ல பந்தையே தூக்கிப் போட்டுருவாங்க," என்றாள். "ஓட்டும் போச்சு, விளையாட்டும் போச்சுன்னு ஆயிரும்."

எதிர்த்த கடை வாசலில் ஒருவன் ஏற்கெனவே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டுதான் நின்றான்.

ஓட்டு நேரம் வந்தது. கண்ணாடி வழியாக எல்லாம் தெரிந்தது. உள்ளே தீர்மானத்துக்கு ஆதரவான கைகள் எழுந்து இறங்கின, பிறகு எதிர்ப்புக்கு எங்கள் நாலைந்து கைகள் எழுந்தன. கேப்டன் திரும்பிப் பார்த்து, "தூக்குங்க," என்றாள். நடைபாதையில் நின்ற அத்தனை பெண்களும் கண்ணாடிக்கு வெளியே கையைத் தூக்கினார்கள். கைப்பிள்ளைக்காரி பிள்ளையை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூக்கினாள். உள்ளே கத்தோலிக்கப் பெண் மேசையைத் தட்டி, "வெளியில நிக்கிறவங்க கையையும் எண்ணுங்க!" என்று கத்தியது எங்களுக்குக் கேட்டது.

தலைவர் எழுந்து வந்தார். கதவைத் திறந்து ஒரு கையால் பிடித்துக்கொண்டார். குளிர்காற்றும் பீர் வாடையும் சேர்ந்து வெளியே வந்தது.

"மீட்டிங் ரூமுக்குள்ள இருக்கிறவங்க ஓட்டுதான் செல்லும். அதான் ரூல். கதவு திறந்துதான் இருக்கு. யாரும் தடுக்கல. வாங்க."

யாரும் அசையவில்லை. அவரும் பொறுமையாகத்தான் நின்றார். சின்ன மலாய்ப் பெண் ஒருத்தி ஒரு காலைப் படியில் வைத்தாள். கேப்டன் அவளைப் பிடித்து இழுக்கவில்லை. "போகணும்னா போ, நாங்க யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டோம்," என்று மலாயில் சொன்னாள். அந்தப் பெண் காலை எடுத்துவிட்டாள். அழுகையை அடக்கிக்கொண்டு கையை மட்டும் இன்னும் உயரமாகத் தூக்கினாள்.

தலைவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கதவை விட்டார். அது தானாக மூடிக்கொள்கிற கதவு. மெதுவாக மூடியது. கைகள் அப்போதும் மேலேதான் இருந்தன. உள்ளே கை தட்டினார்கள். நெட்டைப் பெண் வெளியே வந்து எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் நடைபாதையில் உட்கார்ந்தாள். தோற்றுவிட்டோம் என்று அவள் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

அடுத்த சனிக்கிழமை சட்டைகளைத் திருப்பிக் கேட்டார்கள். கிளப் சொத்தாம். பெண்கள் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்துக் கொண்டு வந்து கொடுத்தார்கள். எனக்கு அதுதான் எரிந்தது. "கசக்கி எறிஞ்சிட்டு வர வேண்டியதுதானே?" என்றேன். கேப்டன் அடுக்கில் மேலே இருந்த சட்டையின் மடிப்பை நீவிவிட்டாள். மூங்கில் யாருடையது என்று கிளப்பில் ஒருவரும் கேட்கவில்லை. இன்றைக்கும் ஆண்கள் அதற்கு நடுவில்தான் உதைக்கிறார்கள்.

வேறு திடல் கேட்டு கேப்டன் அலைந்தாள். பதிவு செய்த கிளப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாரும் சிதறிவிட்டார்கள். கேப்டன் இப்போது இரவு ஷிப்டு. பாசாரில் ஒருநாள் பார்த்தேன். பந்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. மீன் விலையைப் பேசிவிட்டு வந்தோம்.

நான் இன்னும் அந்தத் திடலுக்கு ரொட்டி கொண்டு போகிறேன். வயிறு இருக்கிறதே, என்ன செய்வது. போன மாதம் புதிதாக வந்த ஒரு பையன், இருபத்தைந்து வயது இருக்கும், கயா பன் வாங்கினான். முன்பு இங்கே பெண்கள் அணி ஒன்று இருந்தது தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும் அங்கிள். ஓட்டு வெச்சாங்களாம், பொண்ணுங்க வரவே இல்லையாம். அவங்களுக்கே இன்ட்ரெஸ்ட் இல்ல லா, நாம என்ன செய்ய முடியும்?" என்றான்.

யார் சொன்னது என்று கேட்டேன். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றான். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் அவனை ஆட்டத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். பன்னைக் கடித்துக்கொண்டே ஓடிவிட்டான்.

என் பேச்சு அந்தத் திடலில் எடுபடாது. நான் ரொட்டிக்காரன், கிழவன், பேச ஆரம்பித்தால் எங்கெங்கோ போய்விடுவேன். நீங்கள் நாலு இடம் போகிறவர்கள். பெண்கள் வராததால் அணி நின்றுவிட்டது என்று யாராவது உங்களிடம் சொன்னால், கூட்டத்தை எங்கே வைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பிறகு சொல்லுங்கள், அவர்கள் வந்திருந்தார்கள் என்று. ஒருத்தி பாக்கியில்லாமல் வந்து, கையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றார்கள் என்று சொல்லுங்கள்.