பந்துப் படம் பார்த்துப் பாடியவள்

கண்டி மஹய்யாவவில் நாலு பேர் கூடினால் பாப்பம்மாவைப் பற்றி இன்றைக்கும் ஒரே வார்த்தைதான்: "புருஷனைக் கொளுத்தின செவிடி." சொல்கிறவர்களில் பாதிப் பேர் அப்போது பிறக்கவே இல்லை. மீதிப் பேர் எங்கள் படக்கொட்டகைக்குப் பின்வாசலால் ஓசியில் நுழைந்தவர்கள். நான் அந்தக் கொட்டகை வாசலில் நின்று டிக்கட் கிழித்தவன், பெயர் செல்லச்சாமி. கண்ணால் கண்டதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகும் அந்த வார்த்தையைத்தான் சொல்வோம் என்றால் அது அவர்கள் வாய், அவர்கள் பாடு.

பாப்பம்மா மடுல்கெல்ல தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. சின்ன வயதில் நன்றாகப் பாடுவாளாம். கோயில் பஜனையில் முதலில் எடுத்துக் கொடுப்பது அவள் குரல்தானாம். பத்துப் பன்னிரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் கண்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் எல்லா நோய்க்கும் ஊற்றிக் கொடுக்கும் அதே கலர் தண்ணீரை இவளுக்கும் கொடுத்தார்கள். உயிர் தப்பியது, காது இரண்டும் போய்விட்டன. பேச்சு மிஞ்சியது, அதுவும் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில். எதிரே நிற்பவரின் உதட்டைப் பார்த்து விஷயத்தைப் பிடித்துக்கொள்வாள். பாட்டைத்தான் பிடிக்க முடியவில்லை. பஜனையில் எல்லாரும் நிறுத்திய பிறகும் இவள் குரல் மட்டும் தனியே போகும். பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்களும் சிரித்தார்கள். அதோடு பாடுவதை விட்டுவிட்டாள்.

அவளைக் கட்டிக்கொண்டவன் ராஜலிங்கம், எங்கள் கொட்டகையில் படம் ஓட்டும் ஒப்பரேட்டர். மஹய்யாவவில் ஒரு கடைக்கு மேலே பலகைத் தரை போட்ட அறையில் குடியிருந்தார்கள். அவளைக் கூப்பிட வேண்டுமானால் அவன் காலால் தரையில் இரண்டு தரம் உதைப்பான். பலகை அதிர்வது அவள் பாதத்துக்குத் தெரியும், உடனே திரும்புவாள். கீழே கடைக்காரர் தினமும் திட்டுவார். அதைச் சொல்லி இருவரும் சிரிப்பார்கள். கொட்டகையைக் கூட்டிப் பெருக்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அந்த நாட்களில் அவர்களைப் போலச் சந்தோஷமாக இருந்த ஒரு சோடியை நான் பார்க்கவில்லை.

யுத்தக் காலத்தில் கண்டி முழுக்க வெள்ளைக்காரப் பட்டாளம். அவர்கள் போனபோது விட்டுச் சென்ற சாமான்களை ஏலம் போட்டார்கள். எங்கள் முதலாளி றவூப் ஹாஜியார் அதில் சில படச் சுருள்களையும் எடுத்துப் போட்டிருந்தார். பிறகு சுதந்திரம் வந்தது. கையோடு எங்கள் தோட்டத்து ஆட்களின் வாக்குரிமையையும் பிடுங்கிக்கொண்ட சுதந்திரம். அதற்கு நாலைந்து வருஷத்துக்குப் பின் ஒருநாள், பெரிய படம் தொடங்கும்வரை சனத்தை உட்காரவைக்க என்று அந்தச் சுருள்களில் ஒன்றை ஓட்டச் சொன்னார்.

அதில் ஒரே மாதிரிக் கோட்டுப் போட்ட நாலு பேர் ஒரு மைக்கைச் சுற்றி நின்று பாடுவார்கள். அமெரிக்காவில் பேர்போன பாட்டுக் குழுவாம். கொஞ்ச நேரத்தில் அவர்கள் மறைந்து, கார்ட்டூனில் ஒரு பூனையும் நாலு எலிகளும் அதே பாட்டுக்கு ஆடும். கடைசியில் பாட்டின் வரிகள் திரையில் வரும். ஒரு வெள்ளைப் பந்து சொல்லுக்குச் சொல் குதித்துப் போகும். பந்து விழும் சொல்லைப் படம் பார்ப்பவர்கள் சேர்ந்து பாட வேண்டும். மலிவு டிக்கட் கலரியில் இருந்த எங்கள் ஆட்களுக்கு இங்கிலீஷ் எங்கே தெரியும்? 'லல்லல்லா' என்று கத்தினார்கள், விசிலடித்தார்கள். அதற்குப் பந்துப் படம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

பாப்பம்மா விளக்குமாறோடு பக்கச் சுவரோரம் நின்று அதைப் பார்த்தாள். அடுத்த காட்சியிலும் பார்த்தாள். திரையில் அந்த நாலு பேரின் உதடுகள் பெரிதாகத் தெரியுமல்லவா, அவற்றை அப்படியே தின்று விடுகிறவள் போலப் பார்த்துக்கொண்டு நிற்பாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பகல் மெட்னி காட்சியில் வாயைத் திறந்து பாடினாள். குரல் கரடுமுரடுதான். சொல் இங்கிலீஷும் இல்லை, தமிழும் இல்லை. ஆனால் பந்து விழுந்த இடத்தில் விழுந்தது, எழும்பிய இடத்தில் எழும்பியது. சனம் முதலில் கொல்லென்று சிரித்தது. இரண்டாம் வரியில் சிரிப்பு நின்றது. மூன்றாம் வரியில் கலரி முழுக்க அவளோடு சேர்ந்து பாடியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம்.

பாட்டு முடிந்ததும் அவள் திரும்பிப் பின்சுவரில் உயரத்தில் இருந்த ஒப்பரேட்டர் அறையின் சின்ன ஓட்டையைப் பார்த்தாள். ராஜலிங்கம் அதற்குள்ளால் கையை நீட்டி ஆட்டினான். சரியாகப் பாடினாய் என்று அர்த்தம். அன்றிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. பந்துப் படம் ஓடும், அவள் பாடுவாள், திரும்பிப் பார்ப்பாள், கை ஆடும்.

என் மனைவி அங்கம்மாவிடம் ஒருமுறை சொன்னாளாம்: "அக்கா, நாலு பேரோட சேந்து வாயத் தொறக்க எனக்கு இந்த ஒரு எடந்தான் இருக்கு. இதுவும் போச்சுன்னா நான் ஒத்தையாத்தான் கெடக்கணும்."

அதுவும் போகிற நாள் வந்தது. கொழும்பிலிருந்து படம் ஓட்டும் மெஷினைப் பார்க்க வந்த ஒருவர் அந்தச் சுருளைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பயந்து கீழே வைத்தார். இது பழைய ஜாதிப் பிலிம், பொறி பட்டால் வெடிமருந்து மாதிரிப் பற்றும், தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது என்றார். ஹாஜியார் ஆடிப்போனார். ராஜலிங்கம் நாளை நாளை என்று சாக்குச் சொல்லிப் பார்த்தான். ஆயுத பூசையன்று காலையில் ஹாஜியார் நேரே ஒப்பரேட்டர் அறைக்குப் படியேறி வந்தார்.

"ராஜலிங்கம், வாப்பா காலத்துக் கொட்டகை இது. பத்திப் போச்செண்டா எல்லாரும் நடுத்தெருவுலதான். இண்டைக்கே அந்தச் சாமானக் கொண்டுபோய்ப் பொதைச்சிப் போடு."

அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. பாப்பம்மா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பூசைக்காக மெஷினைத் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள். முன்னால் வாழையிலையில் திருப்புளி, கத்தரிக்கோல், பிலிம் ஒட்டுகிற பசைப் போத்தல் எல்லாம் இருந்தன. பூசையில் வைத்த பொருளை மறுநாள் எடுக்கும்வரை யாரும் தொடக் கூடாது. அவள் விறுவிறென்று போய் அந்தச் சுருளைத் தகர டப்பாவோடு தூக்கி வந்து இலையில் வைத்தாள்.

"அவங்கவங்க ஆயுதத்த வெக்கிறாங்க மொதலாளி. இது என்னோடது," என்றாள்.

ஹாஜியார் இலையைவிட்டு ஓரடி பின்வாங்கினார். பிறகு, "பூசையில வெச்சத நான் தொட மாட்டன். நாளைக்கு எடுத்துப் போட்டுருங்க," என்று சொல்லி இறங்கிப் போனார். ராஜலிங்கம் அவளுக்கு எதிரே நின்று, "மூடியத் தொறக்காத, சூடத்த நான் அந்தப் பக்கமாக் காட்டிக்கிறேன்," என்று நிதானமாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள். நான் கதவருகே படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் மெஷினுக்குச் சூடம் காட்டினான். தட்டைக் கொண்டுவந்து எனக்கு நீட்டினான், ஒற்றிக்கொண்டேன். அவளிடம் நீட்டினான், ஒற்றிக்கொண்டாள். தட்டை ஓரமாக வைத்துவிட்டு, மெஷினுக்குச் சாத்திய மாலை சரிந்ததைக் கட்டப் போனான். நான் விபூதியை எடுத்துப் பூசிக்கொண்டிருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டாள். மூடிக்கிடந்தால் சாமிக்கு எப்படித் தெரியும் என்று நினைத்தாளாம், பிறகு அங்கம்மாவிடம் சொல்லி அழுதாள். சுருளுக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தாள். எரிந்துகொண்டிருந்த தட்டைத் தூக்கினாள்.

ராஜலிங்கம் திரும்பினான். "பாப்பம்மா!" என்று அவன் போட்ட சத்தம் வீதிவரைக்கும் கேட்டதாம். அவளுக்குக் கேட்கவில்லை. காலால் தரையில் உதைத்தான். அது பலகைத் தரை இல்லை, சீமெந்து. எத்தனை தரம் உதைத்தும் அவள் திரும்பவில்லை. சுருளைச் சுற்றித் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பற்றிய சத்தம் பெருமூச்சு விட்டது போலத்தான் இருந்தது. உடனே அறை முழுக்க மஞ்சள் புகை. அவன் பாய்ந்து அவளைக் கட்டிப் பிடித்து வாசலுக்கு வெளியே தள்ளினான். அவள் என்மேல் விழுந்தாள், இருவரும் படியில் உருண்டோம். நான் எழும்பும்போது வாசலில் நெருப்பு நின்றது. அவன் அதற்கு அந்தப் பக்கம் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் விடியும்வரைகூட அவன் தாங்கவில்லை. கொட்டகையில் அந்த அறையைத் தவிர வேறெதுவும் எரியவில்லை. ஹாஜியார் அவளை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னதெல்லாம் ஊர்தான்.

செத்த வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து மாரடித்து ஒப்பாரி வைத்தார்கள். நடுவில் பாப்பம்மா இரண்டு கையிலும் கட்டுப் போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். "கட்டினவன் போயிட்டான், ஒரு பொட்டுச் சத்தம் வருதான்னு பாரு. கல்லு நெஞ்சு," என்று ஒருத்தி சொன்னாள். பாப்பம்மா அந்த உதட்டைப் பார்த்துவிட்டாள்.

அவள் கண் மெதுவாக எதிரே மாரடித்துக்கொண்டிருந்த அங்கம்மாவின் கைகளுக்குப் போனது. கை விழுந்தது, எழும்பியது, விழுந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கை விழுகிற இடம் பார்த்து வாயைத் திறந்தாள். அவளிடம் இருந்தது ஒரே பாட்டு. இங்கிலீஷும் இல்லாத தமிழும் இல்லாத அந்தப் பாட்டை, பாடையில் கிடந்தவனுக்குப் பாடினாள்.

மற்றப் பெண்கள் மாரடிப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு கிழவன் "அடச்சீ, வாயப் பொத்துங்கடி அவள," என்று எழும்பினான். நான் அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அங்கம்மாவுக்குக் கண்ணீர் ஒழுகியது, ஆனால் கையை நிறுத்தவில்லை. கடைசி வரி முடியும்வரை அடித்துக்கொண்டே இருந்தாள். பாப்பம்மா ஓர் இடத்திலும் பிந்தவில்லை.

பாடி முடித்துவிட்டு, பழக்கத்தில், திரும்பிப் பின்சுவரின் உயரத்தைப் பார்த்தாள். வெறும் சுவர். ஒரு கை வரும் என்பது போல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள், பாடையைத் தூக்கும்வரை.