மொதல்ல கன்னத்த வை

"ஒருத்தராவது ரோட்டப் பாத்து நடக்கறாங்களா? எல்லாம் வானத்தப் பாத்துட்டுப் போகுதுங்க."

தினமும் மதியம் ஒரு மணிக்கு இதைச் சொல்லிக்கொண்டே பியூஸ் அக்கா ரோட்டைப் பார்க்காமல் ரோட்டைக் கடப்பார். வீடு இந்தப் பக்கம், அவருடைய கார் எலெக்ட்ரிக் பட்டறை அந்தப் பக்கம். ஒரு கையில் சாப்பாட்டு டப்பா, இன்னொரு கை நிறுத்து என்று நீட்டியபடி இருக்கும். கண் மட்டும் டப்பா மூடியின் மேல், குழம்பு சிந்துகிறதா என்று. லாரியே வந்தாலும் நின்றுதான் ஆகவேண்டும். நின்ற லாரிக்காரரிடம், "இடது பக்க லைட்டு மங்கலா எரியுது, வந்து காட்டிட்டுப் போ" என்பார். நன்றி சொல்கிற வழக்கம் கிடையாது.

வயது ஐம்பத்திரண்டு. கொண்டையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு பட்டறை முழுக்க டெஸ்டரைத் தேடுவார். முட்டை அட்டையில் குழிக்கு ஒரு நிறமாகப் பியூஸ்களை அடுக்கி வைத்திருப்பார். அதில் யாராவது கைவைத்தால் அன்றைக்கு அந்த ஆள் பிழைப்பதே பெரிது. வயரோடு பேசுவார். "எங்கடி ஒளிஞ்சுட்ட" என்று டேஷ்போர்டுக்குள் தலையை விட்டால் அரை மணி நேரத்துக்கு வெளியே தெரிவது கால் மட்டும்தான்.

காரில் இருக்கிற பாதுகாப்புச் சாமான் எதையாவது கழற்றச் சொல்லி வாரத்துக்கு ஒருத்தர் வருவார். பெல்ட் போடாவிட்டால் கத்துகிறது, அதன் வாயை அடைத்துவிடு என்பார். அக்கா மறுக்கவும் மாட்டார், உபதேசமும் செய்யமாட்டார். அந்தச் சாமான் எதற்கு இருக்கிறதோ அதை வந்தவர் உடம்பாலேயே தெரிந்துகொள்ள வைப்பார். அப்புறமும் கேட்டால் கழற்றுவார். அப்புறமும் கேட்டவர்கள் குறைவு.

அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தர் அவருடைய ஒரே தம்பி. பல் டாக்டர். சிவப்பு நிறத்தில், தரையோடு தரையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கிறார். அந்த மாதிரி காரில் ஒரு ஏற்பாடு உண்டு. முன் பம்பரில் ஆள் கால் மாதிரி ஏதாவது மோதினால், கண்ணாடிப் பக்கம் பானெட் படாரென்று நாலு விரல் மேலே எழும்பும். மோதிய ஆளின் தலை பானெட்டில் விழும்போது அடியில் இருக்கிற எஞ்சினில் இடிக்காமல் இருக்க அந்த இடைவெளி. ஒரு தடவை எழும்பினால் எழும்பினதுதான். புதுப் பாகம் வாங்கி மாட்டவேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி பானெட் எழும்பிய காரை உருட்டிக்கொண்டு வந்தார். "அக்கா, இந்தக் கருமத்தக் கழட்டி எறி. காத்தடிச்சாக்கூடத் தூக்கிக்குது. மூணு மாசத்துல ரெண்டாவது தடவ." புதுப் பாகம் வர மூன்று வாரமாகும், அதுவரை வாயைப் பிளந்த வண்டியில் கிளினிக்குக்குப் போனால் நோயாளிகளே சிரிப்பார்கள் என்று புலம்பினார்.

"கழட்டிடலாம். மொதல்ல கன்னத்த வை."

நாளெல்லாம் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்கிறவர், தன் வாயை மூடிக்கொண்டு எழும்பிய பானெட்டில் கன்னத்தை வைத்தார். அக்கா அவர் தலையை அழுத்தினார். பானெட் மெத்தை மாதிரி அமுங்கிக் கொடுத்தது. பிறகு பக்கத்தில் நின்ற ஒரு பழைய காரின் பானெட்டில் கன்னத்தை வைக்கச் சொல்லி, அதே மாதிரி அழுத்தினார். தகடு கொஞ்சம் அமுங்கி டொக்கென்று எஞ்சினில் நின்றது.

"புரியுது. ஆனா நான் யாரையும் இடிக்கலையே" என்று தம்பி கன்னத்தைத் தேய்த்தார். முடியாது என்றால் வேறு பட்டறை பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

அது அக்காவுக்குச் சுருக்கென்றது. முன்பு ஒரு தடவை கிளினிக் விளக்கு விஷயத்தில் கோபித்துக்கொண்டு தம்பி எட்டு மாதம் வாசல் மிதிக்கவில்லை. வேறு பட்டறைக்குப் போனால் பத்து நிமிஷத்தில் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். தம்பியும் போய்விடுவான், பானெட்டும் ஊமையாகிவிடும். அக்கா பேட்டரி வயரைக் கழற்றினார். உள்ளே மிச்சமிருக்கிற மின்சாரம் இறங்க அவர் கணக்குக்குப் பத்து நிமிஷம் காத்திருக்கவேண்டும். அதற்குமுன் பானெட்டைத் தூக்குகிற பாகத்தின் பிளக்கைத் தொடமாட்டார்.

சும்மா உட்கார்ந்து அவருக்குப் பழக்கமில்லை. துணியை எடுத்து பம்பரைத் துடைத்தார். நம்பர் பிளேட்டுக்குக் கீழே இடுக்கில் பச்சையாக என்னவோ சிக்கியிருந்தது. கொண்டையிலிருந்து டெஸ்டரை உருவி நெம்பினார். நகம் அளவு பிளாஸ்டிக் சீவல்.

போன தடவை என்ன கிழமை என்று கேட்டார். அதுவும் செவ்வாய்தான். தம்பி தெருவில் குப்பை வண்டி வருகிற நாள். அக்கா போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு, தம்பி மனைவியிடம் உங்கள் வீட்டுக் குப்பைத் தொட்டி சௌக்கியமா என்று விசாரித்தார்.

"அத ஏன்க்கா கேக்கறீங்க? ரெண்டாவது தொட்டியும் ஒடஞ்சுபோச்சு. குப்ப வண்டிக்காரர்தான் தூக்கி எறியறார். இன்னிக்கு அந்த மனுஷன நல்லா நாலு கேள்வி கேட்டுட்டேன்."

தம்பியின் காது அவர் கார் நிறத்துக்கு வந்தது. முனையில திரும்பும்போது லேசா உரசுச்சு என்று வாய்க்குள்ளேயே முனகினார். உரசியதாம். இடித்துத் தள்ளி, நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"தொட்டிய முனைக்கு யாரும்மா தள்ளிட்டு வர்றது?"

"நான்தான்க்கா. இவரா வருவாரு? இன்னிக்கு வச்சுட்டு ரெண்டு எட்டு வந்திருப்பேன், பின்னாடி டமால்னு சத்தம். வண்டிக்காரர்தான்னு நெனச்சு திரும்பிக்கூடப் பாக்கல."

பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அக்கா பிளையரை எடுத்துத் தம்பியிடம் நீட்டினார். "நீயே புடுங்கு."

தம்பி பிளையரை வாங்கவில்லை. பேட்டரி வயரை எடுத்து, திரும்ப மாட்டச் சொல்லி அக்கா கையில் கொடுத்தார். போனில் மனைவி இன்னும், "ஏன்க்கா கேட்டீங்க, ஏன்க்கா கேட்டீங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தார். "உன் வீட்டுக்காரர் புதுத் தொட்டி வாங்கிட்டு வர்றாரு, என்ன கலர் வேணும்னு கேக்கறாரு" என்றார் அக்கா. அதற்குமேல் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். தம்பியும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. விஷயம் தெரிந்த பிறகு அந்தப் பக்கம் கேட்டதை இங்கே எழுத முடியாது.

இப்போது செவ்வாய்க்கிழமை தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவது பல் டாக்டர்தான். முதல் வாரம் வண்டிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டாம் வாரம் அவருடைய கடைவாய்ப் பல்லைப் பார்த்துக் கொடுத்தார். மூன்று வாரத்தில் பாகம் வந்து மாட்டியாயிற்று. அதற்குப் பிறகு பானெட் எழும்பவில்லை. காற்று அடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தப் பச்சைச் சீவல், பட்டறைச் சுவரில் முட்டை அட்டைக்கு மேலே டேப் போட்டு ஒட்டியிருக்கிறது.

கார் இருக்கிறவர்கள் ஒரு நடை போய் அவரைப் பார்த்துவிட்டு வாருங்கள். கார் இல்லாதவர்களும் போகலாம், நடக்கத் தெரியவில்லை என்று திட்டு வாங்கிக்கொண்டு வரலாம். கன்னத்தை வைக்கச் சொன்னால் வையுங்கள். ஆனால் மதியம் ஒரு மணிக்குப் போகிறவர்கள் தெருமுனையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். அவர் டப்பாவோடு வந்துகொண்டிருப்பார், கண் டப்பா மூடியின் மேல், கை உங்கள் வண்டியைப் பார்த்து நீட்டியபடி.