கலக்காத தண்ணீர்

ஹோட்டல் வரவேற்பறையில் மரக்காணம் உப்பளத்தின் படம் ஒன்று மாட்டியிருந்தது. அதன் கீழே ஓர் ஆங்கிலச் சொல். யாரோ ஓர் ஓவியரின் பெயருக்கு வால் ஒட்டிச் செய்த சொல். அதை நான் ஒருமுறைதான் கேட்டிருக்கிறேன்.

சுனாமிக்கு அடுத்த கோடை. வெயில் ஏறாத விடியல், காலடியில் உப்புச்சேற்றின் வாடை. அக்கா சமையல் வேலை பார்த்த ஆரோவில் வீட்டு வெள்ளைக்காரம்மா எங்கள் உப்புப் பாத்தியின் வரப்பில் நின்று, கேமராவும் கையுமாக அந்தச் சொல்லைச் சொன்னார்.

"அந்த ஓவியரு வரைஞ்ச வானம் மாதிரியே தண்ணி செவந்து கெடக்குதாம். படம் எடுக்கிற வரைக்கும் கலக்க வேணான்றாங்கம்மா," என்றாள் அக்கா.

"அவரு இங்க வந்திருக்காரா?" என்றாள் அம்மா.

"செத்து ரொம்ப வருஷமாச்சாம். சும்மா நில்லும்மா, என் வேலை போயிடும்."

"கலக்கலன்னா உப்பு பாளமா ஒட்டிக்கும். அப்புறம் யாரு பேத்தெடுக்கிறது, அவரா?"

அம்மா பாத்தியில் இறங்கி, உப்பு வாரும் பலகையை நீட்டி இழுத்தாள். சிவந்த வானம் துண்டுதுண்டானது. அக்காவின் வேலை போகவில்லை. போகும் என்றாலும் அம்மா இழுத்திருப்பாள்.

ஹோட்டல் படத்தில் தண்ணீர் அசையாமல் சிவந்திருந்தது; எங்கள் ஆள் ஒருவர்கூட இல்லை. அந்தச் சொல்லை அவர்கள் படத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். பாத்தி எங்களுடையது. படத்திலிருந்த அந்தத் தண்ணீரைக் கலக்கிவிட என் கை பரபரத்தது.