தொடேல்லை எண்டு சொன்னனான்

2006ஆம் ஆண்டு நான் ஊர்காவற்றுறைப் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருந்தேன். நுளம்பு, கிணறு, கடைச் சாப்பாடு என்று என் வேலை ஒரு வட்டத்துக்குள்தான் ஓடியது. பறவைக் காய்ச்சல் அந்த ஆண்டில்தான் எங்கள் மேசைக்கு வந்தது. வேறு நாடுகளில் கோழிகளிடமிருந்து தொற்றி ஆட்கள் இறந்திருந்தார்கள். எங்கள் நாட்டில் ஒருவருக்கும் வரவில்லை. ஆனாலும் மாரியில் எங்கிருந்தோ வந்து களப்பில் இறங்கும் பறவைகளைச் சனம் ஒரு மாதிரித்தான் பார்த்தது.

செத்த கோழியை வெறுங்கையால் தொடக்கூடாது, கூட்டமாகச் செத்தால் உடனே அறிவிக்கவேண்டும், தொட்டவருக்குக் காய்ச்சல் வந்தால் ஒளிக்காமல் சொல்லவேண்டும். எங்கள் ஊரான கரம்பொனில் வீடு வீடாகப் போய் இதைச் சொன்னவன் நான்தான்.

எங்கள் ஒழுங்கையின் முடிவில் ஓர் அக்கா இருந்தா. கணவர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். கோழி வளர்த்து முட்டை விற்றுத்தான் சீவியம். ஒருநாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது எங்கள் வீட்டுப் படலையில் வந்து நின்றா.

"தம்பி, ஒருக்கா வந்து பாத்திட்டுப் போம்."

போனேன். கூட்டுக்குள்ளும் வெளியிலும் பதினொரு கோழிகள் செத்துக் கிடந்தன. இன்னொன்று கழுத்துத் திருகி, நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க அதுவும் விழுந்தது. மிச்சக் கோழிகள் வேலியோரமாக ஒதுங்கி நின்றன.

"நான் ஒண்டையும் தொடேல்லை. நீர் தொடவேண்டாம் எண்டு சொன்னனீர்தானே" என்றா.

கையுறைகள் நான் வேலைசெய்யும் கந்தோர் அலுமாரிக்குள் இருந்தன. வேலியில் காகங்கள் வந்து குந்திவிட்டன. நாயொன்று வேலிப் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டியது. அக்காவின் மண்வெட்டியை வாங்கிக் கிடங்கு வெட்டினேன். பன்னிரண்டையும் காலில் பிடித்துத் தூக்கி வெறுங்கையாலேயே உள்ளே போட்டு, மண் மூடித் தாட்டேன். இன்னொருவர் அப்படிச் செய்திருந்தால் நான் விட்டிருக்கமாட்டேன்.

கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவும்போது அக்கா பக்கத்தில் வந்து நின்றா.

"ஒருத்தருக்கும் சொல்லாதையும் தம்பி. சொன்னால் வந்து மிச்சக் கோழியளையும் கொல்லுவினம். பிறகு நான் என்னத்தைச் செய்யிறது?"

"ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லை எவ்வளவு சுலபமாகச் சொன்னேன் என்று பிறகுதான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. உடம்பெல்லாம் உளைவு, இருமல். மனைவி அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் மல்லிக் கோப்பியோடு வந்து தட்டினாள்.

"உள்ளுக்கை வராதையும். கதவடியிலை வையும்."

"சும்மா காய்ச்சலுக்கு ஏனப்பா இந்தக் கூத்து?"

அடுத்த நாளும் காய்ச்சல் இறங்காதபடியால், நான் எவ்வளவு மறுத்தும் கேட்காமல் ஓட்டோ பிடித்து என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டொக்டர் என்னோடு பலமுறை கூட்டங்களில் இருந்தவர். நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "செத்த கோழி ஏதும் தொட்டனீரோ?" என்றார்.

"தொடேல்லை."

அவர் நம்பிவிட்டார். துண்டில் எழுதத் தொடங்கினார். அந்த நேரம் பின்னால் நின்ற மனைவி தன் சேலைத் தலைப்பால் என் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். அவளுடைய வயிறு என் தோளில் முட்டியது. நான் கதிரையை விட்டு எழும்பிச் சுவரோடு போய் நின்றேன்.

"டொக்டர், பொய் சொன்னனான். பன்னிரண்டு கோழி தாட்டனான். வெறுங்கையாலை."

அவர் பேனையை வைத்துவிட்டு முகத்தில் துணியைக் கட்டினார். "எப்ப? ஆருடைய வீட்டிலை?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன்.

ஒரு மூலை அறையில் என்னைத் தனியாகப் போட்டார்கள். தொண்டையில் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தது விமானத்தில் கொழும்புக்குப் போனது. மனைவி யன்னலுக்கு வெளியே, தள்ளி நின்றாள்.

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாம்தானே" என்றாள். அவளுக்குக் கோபம் வந்தால் நல்லது போலிருந்தது. கோபம் வரவில்லை. அவளுக்கும் காய்ச்சல் வருகிறதா என்று தினமும் இரண்டு முறை பார்த்தார்கள். நான் படுத்திருந்து அவளுடைய இருமலுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் முகமூடி கட்டிய ஆட்கள் அக்காவின் வளவுக்குப் போய்க் கிடங்கைக் கிண்டினார்களாம். ஊரே வேலிக்கு அப்பால் நின்று பார்த்ததாம். அதற்குப் பிறகு அந்த வீட்டு முட்டையை ஒருவரும் வாங்கவில்லை. தேவாலயப் பூசையில் அவ இருந்த நீள வாங்கில் மற்றவர்கள் வந்து உட்காரவில்லை.

முடிவு வர ஒரு கிழமைக்கு மேல் ஆனது. கோழிகளுக்கு வந்தது கோழிகளைக் கொல்லும் வேறொரு பழைய நோய். எனக்கு வந்தது, வருடா வருடம் ஊரில் வருகிற தடிமன் காய்ச்சல். மனைவிக்கு ஒன்றும் இல்லை. மூன்று மாதத்தில் மகள் சுகமாகப் பிறந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்றே அக்காவிடம் போனேன். மிஞ்சியவற்றிலும் பாதி செத்துவிட்டிருந்தது. முற்றத்தில் கூட்டிக்கொண்டிருந்தவ நிமிரவில்லை.

"அக்கா, வாக்கைக் காப்பாற்ற ஏலாமல் போச்சுது."

"நீர் சொன்னது பிழையில்லை" என்றா. பிறகு விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தா. "ஆனால் ஒண்டு கேக்கிறன் தம்பி. உமக்குக் காய்ச்சல் வராட்டி, சொல்லியிருப்பீரோ?"

"தெரியாதக்கா."

அதுதான் உண்மை. இன்றைக்கும் தெரியாது.

அந்த மாதமே நானும் டொக்டரும் வாசிகசாலையில் ஊர்க்கூட்டம் வைத்தோம். நோயைப் பற்றிப் பேசுவதற்கு முன், நான் தாட்டதையும் ஒளித்ததையும் டொக்டருக்குப் பொய் சொன்னதையும் சொன்னேன். அக்காவின் கோழிகளுக்கு வந்தது மனிதருக்கு ஆபத்தில்லாத நோய் என்று டொக்டர் விளக்கினார். சிலர் சிரித்தார்கள். பின்வரிசையில் ஒரு மீன்பிடிகாரர் எழும்பி, "எங்கடை வீட்டிலையும் போன கிழமை ஆறு செத்தது, கடலுக்கை எறிஞ்சிட்டன்" என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண் தயங்கித் தயங்கிக் கையை உயர்த்தினாள். நான் அவர்கள் சொல்வதை எழுதக் கொப்பியைத் திறந்தேன்.